இரண்டாவது நோட்டு வேண்டாம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதலாளிகள் எழுதியவை. பெரிய கம்பெனிக்காரர்கள் இல்லை. 10 பேர், 20 பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள். அவர்களோடுதான் என் வாழ்க்கையே போயிருக்கிறது. ஈரோட்டில் 1991-லிருந்து சிறு நிறுவனங்களுக்குச் சம்பள ரிஜிஸ்டர் எழுதிக் கொடுக்கிறேன்; பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு இரண்டையும் கட்டிக் கொடுக்கிறேன். நான் முதன்முதலில் வேலைக்குப் போன இடம் ஒரு சாயப்பட்டறை. மேஜை இழுப்பறையில் இரண்டு நோட்டு இருக்கும். பச்சை அட்டை போட்டது ஆபீசர் வந்தால் காட்ட. அதில் 8 பேர். சிவப்பு அட்டை போட்டது சனிக்கிழமை கூலி கொடுக்க. அதில் 31 பேர். எனக்கு அப்போது 22 வயது. எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பச்சை நோட்டில் இல்லாத அந்த 23 பேரின் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

மேடம், திண்டுக்கல் பைபாஸில் ஹோட்டல் வைத்திருக்கிறேன். மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லாம் சேர்த்து 23 பேர். ஹோட்டல் ஆட்கள் நிலையாக இருக்க மாட்டார்கள். இந்த வாரம் இருப்பவர் அடுத்த வாரம் இருப்பதில்லை. அதனால் 9 பேரை மட்டும் கணக்கில் காட்டினால் போதும் என்கிறார் எங்கள் கணக்குப்பிள்ளை. சரிதானா?

சரியில்லை ஐயா. அந்த 9 எங்கிருந்து வந்தது தெரியுமா? 10 பேர் வேலை பார்த்தால் இஎஸ்ஐ, 20 பேர் என்றால் பிஎஃப். இரண்டுக்கும் வெளியே நிற்பதற்காகப் போட்ட எண் அது. ஆனால் சட்டம் எண்ணுவது ரிஜிஸ்டரில் இருக்கும் பெயர்களை இல்லை, கடைக்குள் வேலை பார்க்கும் ஆட்களை. தினக்கூலி, காலையில் மட்டும் வந்து காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகும் அம்மா, ஏஜென்சி அனுப்பும் வாட்ச்மேன் எல்லோரும் அந்தக் கணக்கில் உண்டு. மாஸ்டர் 28,000 வாங்குகிறார் என்றால் அவருக்கு இஎஸ்ஐ பிடிக்க வேண்டியதில்லை, அதற்கு வரம்பு மாதம் 21,000. ஆனாலும் ஆள் கணக்கில் அவரும் ஒருவர். நீங்கள் முதலாளி, உங்களை எண்ண மாட்டார்கள். அவ்வளவுதான். ஒரு தடவை வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்துவிட்டது என்று சொல்லி வெளியே வரவும் முடியாது.

செலவைச் சொல்கிறேன். 14,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவருக்கு இஎஸ்ஐயில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், அதாவது 455 ரூபாய். அவருடைய பங்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். பிஎஃப் இரு பக்கமும் 12 சதவீதம், தலா 1,680. உங்கள் பக்கம் இன்சூரன்ஸுக்கும் நிர்வாகச் செலவுக்கும் இன்னும் 1 சதவீதம் சேரும். ஆக உங்கள் கையிலிருந்து ஒரு ஆளுக்கு மாதம் 2,275 ரூபாய். 20 பேருக்கு 45,500. இது சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன். இட்லி விலையில் ஏற்ற வேண்டிய தொகைதான்.

ஆனால் ஒன்றைக் கேளுங்கள். பல வருஷங்களுக்கு முன்பு எனக்குத் தெரிந்த ஒரு ஹோட்டலில் பூரி பொரித்துக்கொண்டிருந்த பையனின் வலது கையில் சட்டியோடு எண்ணெய் கவிழ்ந்துவிட்டது. முதலாளி நல்ல மனிதர். தன் காரிலேயே தூக்கிக்கொண்டு ஓடினார், தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்று ராத்திரி 11 மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி, ‘இப்பவே பேரைச் சேர்த்துடலாமாம்மா?’ என்று கேட்டார். முடியாது என்றேன். விபத்துக்குப் பிறகு சேர்க்கும் பெயர் பொய்க் கணக்கு. அந்தப் பொய் பையனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். காயம் ஆறிய பிறகு அந்தப் பையனால் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்க முடியவில்லை. இஎஸ்ஐ இருந்திருந்தால் வைத்தியம் முழுதும் அவர்கள் பொறுப்பு. வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வந்திருக்கும். ஊனம் நிரந்தரம் என்று மெடிக்கல் போர்டு சொன்ன அளவுக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வந்திருக்கும். இஎஸ்ஐ கட்டாத இடத்தில் நஷ்ட ஈடு முழுதும் முதலாளி தலையில்தான். அந்த மனிதர் தன்னிடமிருந்த டெம்போவை விற்றார்.

ஆட்கள் நிலையாக இல்லை என்பது உண்மையான கஷ்டம்தான். ஆனால் இப்போது ஒருவருடைய யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணும் இஎஸ்ஐ எண்ணும் அவர் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். வேலைக்கு வருகிறவரிடம் முதல் நாளே கேளுங்கள்: ‘இதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள், நம்பர் இருக்கிறதா?’ இருந்தால் அதையே தொடரலாம். இல்லாவிட்டால் ஆதாரையும் போன் நம்பரையும் வைத்து அன்றைக்கே புதிதாக எடுத்துவிடலாம். சாயங்காலம் கல்லாவைச் சரிபார்ப்பதுபோல் ஆள் வரவையும் அன்றன்றே எழுதுங்கள்.

அப்புறம், கணக்குப்பிள்ளையிடம் இதையும் கேளுங்கள்: வருமான வரிக் கணக்கில் சம்பளச் செலவு என்று எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறார்? பிஎஃப் விசாரணை என்று வந்தால் அவர்கள் முதலில் எடுத்து வைப்பது அந்தத் தாளைத்தான். அங்கே 23 பேர் சம்பளம், இங்கே 9 பேர் என்றால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அவர் இல்லை.

கும்பகோணத்தில் ஜவுளிக்கடை. விற்பனைப் பெண்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே? வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாக இருக்காதா?

இருக்கிறது தம்பி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. 2021-ல் அதில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை பார்க்கும் எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும் என்ற நிலை கூடாது என்கிறது அந்தப் பிரிவு. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அங்கே கடைப் பெண்கள் பல வருஷம் போராடிப் பெற்றார்கள்.

என் அம்மா 19 வருஷம் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றார். ராத்திரி வந்ததும் சுவரில் காலைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டு படுப்பார். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். நான் விளக்கெண்ணெய் தடவிவிடுவேன். கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில்கூட உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பெயரை எழுதிக்கொள்வார். வாடிக்கையாளருக்கு மரியாதை என்கிறீர்கள். அந்தக் கடைக்கு வந்த எந்த அம்மாவும் எங்கள் அம்மா உட்கார்ந்திருந்தால் அதற்காகச் சேலை வாங்காமல் போயிருக்க மாட்டார்.

கவுன்டருக்குப் பின்னால் இருவருக்கு ஒன்று என்று வைத்துவிட்டு ‘மாற்றி மாற்றி உட்காருங்கள்’ என்று சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு ஸ்டூல். ஆள் வரும்போது எழுந்து கொள்வார்கள், அவர்களுக்குத் தெரியாததா? போட்ட ஸ்டூலில் உட்கார்ந்ததற்காக யாரையும் முறைக்கக் கூடாது என்று சூப்பர்வைசரிடமும் சொல்லிவிடுங்கள். நான் பார்த்த சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் பெட்டி இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நேரம் கூடும். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டைச் சம்பளம். வருஷத்துக்கு 9 நாள் சம்பளத்துடன் விடுமுறை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இன்னும் 5 பண்டிகை நாட்கள். அந்த நாளில் கடை திறந்து ஆளைக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும் கொடுத்து இன்னொரு நாள் சம்பளத்துடன் விடுமுறை. மே 1-ம் தேதி ஜவுளிக்கடைகள் இதை மறந்துவிடுகின்றன.

ஓசூரில் சிறிய உதிரிபாகத் தொழிற்சாலை. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன, பழையது எல்லாம் போய்விட்டது என்கிறார்கள். உடனே என்ன மாற்ற வேண்டும்?

2025 நவம்பர் 21-ல் நான்கும் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய சட்டங்களை நான்காகக் கட்டியிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், நீங்கள் செய்துகொண்டிருப்பதில் பெரும்பகுதி அப்படியே தொடரும். மேலே சொன்ன கடைச் சட்டம், விடுமுறைச் சட்டம் எல்லாம் மாநிலச் சட்டங்கள். அவை இந்த 29-ல் இல்லை.

உங்களை உடனே தொடுவது சம்பளம் என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கம். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மீதியை வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்துக் காட்டுவது நம் ஊரில் பழக்கம். இனி அந்தப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்ந்துவிடும். 20,000-ல் அடிப்படை 6,000, படிகள் 14,000 என்று போட்டிருந்தால், 4,000 இந்தப் பக்கம் வந்து சம்பளம் 10,000 ஆகிவிடும். படி என்று பெயர் மாற்றிப் பிஎஃப்பைக் குறைக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் ஒரேபோல் கொடுக்கும் படி, அடிப்படைச் சம்பளம்தான் என்றது.

இன்னும் மூன்று. ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். வேலையை விட்டுப் போனாலும் நீங்கள் நிறுத்தினாலும் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். ‘அடுத்த மாசம் பத்தாம் தேதி வாப்பா’ என்பது இனி செல்லாது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுத்தவருக்கு ஒரு வருஷம் முடிந்தாலே அந்த அளவுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு.

தஞ்சாவூரில் சூப்பர் மார்க்கெட். கேஷில் பணம் குறைந்தால் அன்று பில் போட்டவர்கள் எல்லோருக்கும் சமமாகப் பிடிக்கிறோம். லேட்டாக வந்தால் 10 நிமிஷத்துக்கு 50 ரூபாய். இது எங்கள் கடை விதி.

கடை விதி சட்டத்துக்கு மேலே போகாது. யார் கையில் இருந்த பணமோ, யாருடைய கவனக்குறைவால் போனதோ அவரிடம் மட்டும்தான் பிடிக்கலாம். அதுவும் அவரை விளக்கம் சொல்லவிட்டு, போன தொகைக்கு மேல் போகாமல். நான்கு பேர் ஒரே கல்லாவில் மாறி மாறி உட்கார்ந்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஷிப்ட் மாறும்போது கல்லாவை எண்ணி இரண்டு பேரும் கையெழுத்துப் போடும் வழக்கத்தைக் கொண்டு வாருங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். லேட்டுக்கு, வராத நேரத்துக்கான சம்பளத்தைக் குறைக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் அது அபராதம். அபராதத்துக்கு அரசின் ஒப்புதல் பெற்ற பட்டியல் வேண்டும், மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கோவை கணபதியில் லேத் பட்டறை, 26 பேர். ஜாப் ஆர்டர் கொடுத்த கம்பெனி 5 மாதமாகப் பில் பணம் தரவில்லை. சம்பளத்தை எப்படியோ கொடுத்துவிடுகிறேன். ஆனால் 4 மாதப் பிஎஃப் கட்டவில்லை. ஆட்களிடம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தூக்கம் வரவில்லை. என்ன ஆகும்?

முதலில், தூக்கம் வரவில்லை என்று எழுதினீர்களே, அந்த வரிக்காகவே உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோவையில் ஜாப் ஆர்டர் பட்டறை நடத்துகிறவரின் கஷ்டம் எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதை ஒளிக்காமல் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம்.

இதில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. உங்கள் பங்கு 12 சதவீதம் உங்கள் கடன். ஆட்களிடம் பிடித்த 12 சதவீதம் உங்கள் பணமே இல்லை. அவர்கள் உங்களிடம் கொடுத்து வைத்த பணம். அதைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதைச் சட்டம் கடன் பாக்கி என்று பார்ப்பதில்லை, நம்பிக்கை மோசடி என்று பார்க்கிறது. அது கிரிமினல் வழக்கு.

பணமாகப் பார்த்தாலும் கட்டுப்படி ஆகாது. தேதி தாண்டினால் வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி. அதற்கு மேல் டேமேஜஸ் என்று அபராதம். 2024 ஜூனிலிருந்து அது மாதம் 1 சதவீதம். ஒரு லட்சம் பாக்கி என்றால் மாதம் 1,000 வட்டி, 1,000 அபராதம். இரண்டு வட்டிக் கடன். பாங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி இதைவிடக் குறைவு.

இதெல்லாம் உங்களுக்கு. இனி அவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மில்லிங் மிஷின் ஓட்டினவர், மாரடைப்பில் போய்விட்டார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் அந்த மனிதர் வாங்கிய சம்பள ரசீதுகள், மாதவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டது. ஒவ்வொரு ரசீதிலும் பிஎஃப் பிடித்தம் அச்சாகியிருந்தது. நான் அவருடைய பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். கடைசி 11 மாதம் எதுவுமே வரவாகவில்லை. நான் ரசீதையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பதை அந்த அம்மா கவனித்துக்கொண்டே இருந்தார். ‘அவர் கட்டினாருங்களே’ என்று மட்டும் சொன்னார். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் பிஎஃப் இன்சூரன்ஸில் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும், விதவைக்கு மாத ஓய்வூதியம் கிடைக்கும். அவருக்கும் கடைசியில் கிடைத்தது. ஆனால் பட்டறைக்கும் பிஎஃப் ஆபீசுக்கும் எனக்கும் இடையில் நடந்து நடந்து, இரண்டாவது பெண்ணின் காலேஜ் சேர்க்கை அந்த வருஷம் தவறிவிட்ட பிறகு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இந்த வாரமே பழைய மாதத்திலிருந்து ஆரம்பித்து உங்களால் முடிந்தவரை கட்டுங்கள். நான்கையும் சேர்த்துக் கட்டலாம் என்று காத்திருந்தால் அது ஐந்தாகும், ஆறாகும். ஆட்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள்: ‘நாலு மாசம் கட்டவில்லை, இன்ன தேதிக்குள் கட்டுகிறேன்.’ அவர்கள் எப்படியும் போனில் பாஸ்புக் பார்க்கிறார்கள். உங்கள் வாயால் கேட்பது வேறு. பிஎஃப் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தால் போய் நில்லுங்கள், ஒளியாதீர்கள். ஆள் போகாத விசாரணையில் அவர்கள் கையில் இருப்பதை வைத்துத்தான் தொகையைத் தீர்மானிப்பார்கள்.

பில் தராத கம்பெனியையும் விடாதீர்கள். உத்யம் என்ற சிறு தொழில் பதிவு இருந்தால், சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, கூட்டு வட்டியாக. ஆன்லைனிலேயே மனு போடலாம். ஆர்டர் போய்விடும் என்று பயமாக இருக்கும். 5 மாதம் பணம் தராத ஆர்டர் இது என்பதையும் யோசியுங்கள்.

மதுரையில் என் கணவரும் நானும் கிளினிக் நடத்துகிறோம். 14 பேர், எல்லோரும் பெண்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. எங்களுக்கும் பாலியல் புகார்க் குழு தேவையா?

தேவை டாக்டர். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஊழியர்கள் எல்லோரும் பெண்கள் என்பதால் விலக்கு இல்லை. உங்கள் கிளினிக்குக்கு வந்து போகிறவர்களை எண்ணிப் பாருங்கள்: வாரம் இரண்டு நாள் வரும் ஸ்பெஷலிஸ்ட், மருந்துக் கம்பெனி பிரதிநிதி, ஆக்சிஜன் சிலிண்டர் இறக்குகிறவர், நோயாளியோடு வரும் உறவினர். ராத்திரி டியூட்டி நர்ஸுக்கு இவர்களில் யாரால் தொந்தரவு வந்தாலும் அது வேலையிடத்தில் நடந்ததுதான்.

வீட்டுப் பிள்ளை மாதிரி என்பதில்தான் எனக்குக் கவலை. வீட்டில் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட முடிகிறதா? அந்த ஸ்பெஷலிஸ்ட் உங்கள் கணவருடைய சிநேகிதர் என்றால் அந்தப் பெண் உங்களிடம் வரத் தயங்குவாள். அதற்காகத்தான் குழுவில் வெளியாள் ஒருவர் வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. தலைவர் மூத்த பொறுப்பில் இருக்கும் பெண். ஊழியர்களில் இரண்டு பேராவது. பெண்கள் பிரச்சினையில் அனுபவமுள்ள வெளியாள் ஒருவர். பெயர்களை எழுத்தில் உத்தரவாகப் போட்டு, போன் நம்பரோடு நர்ஸ்கள் உடை மாற்றும் அறையில் ஒட்டுங்கள். ரிசப்ஷனில் ஒட்டினால் பார்வையாளர்தான் படிப்பார். நடந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும், வருஷா வருஷம் அறிக்கை அனுப்ப வேண்டும். புகாரே வராவிட்டாலும் இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும்.

திருப்பூர் பனியன் யூனிட். ஒடிசாவிலிருந்து ஏஜென்ட் 12 பேரைக் கொண்டு வந்து விட்டிருக்கிறார். சம்பளத்தை மொத்தமாக அவரிடமே கொடுக்கிறோம். பாதியில் ஓடிவிடக் கூடாது என்று அசல் ஆதார் கார்டுகளை நாங்கள் வைத்திருக்கிறோம். அட்வான்ஸ் வேறு கொடுத்திருக்கிறோம்.

கார்டுகளை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. நகல் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அட்வான்ஸைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வைப்பது கொத்தடிமை முறை. 1976-ம் ஆண்டுச் சட்டப்படி 3 வருஷம் வரை சிறை. நீங்கள் அந்த எண்ணத்தில் செய்யவில்லை என்று நம்புகிறேன், ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் அந்தப் பையனுக்கும் ஒன்றுதான்.

சம்பளத்தை அவரவர் பாங்க் கணக்கில் போடுங்கள். ஏஜென்ட் சம்பளத்தைக் கொடுக்காமல் போனால் நீங்கள்தான் மறுபடியும் கொடுக்க வேண்டும். கணக்கு அவர்கள் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஓர் ஏஜென்ட் சட்டைப் பையில் 7 கார்டுகளை வைத்துக்கொண்டு, பின் நம்பரைக் கார்டின் பின்னாலேயே பேனாவில் எழுதி வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்க வேண்டுமானால் உங்கள் கையிலிருந்து தனியாகக் கொடுங்கள். சம்பள ரசீதும் ஹாஸ்டல் விதிகளும் அவர்கள் படிக்கும் ஒடியாவில் இருக்கட்டும். யூனிட்டில் எழுதத் தெரிந்த பையன் ஒருவனாவது இருப்பான், அவனுக்கு ஓவர்டைம் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

கரூரில் திரைச்சீலை, மேஜை விரிப்பு தைக்கும் யூனிட். டெய்லர் ஒருவர் 4 வருஷம் 9 மாதம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டார். 5 வருஷம் முடியாததால் பணிக்கொடை இல்லை என்றேன். உண்டு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. கடைசிச் சம்பளம் 18,000.

வக்கீல் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. 5 வருஷம் என்பது பொதுவான விதி. ஆனால் ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தாலே அதைத் தொடர்ச்சியான ஒரு வருஷமாக எண்ண வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான், 4 வருஷம் முடித்து ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் இருந்தவருக்குப் பணிக்கொடை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம் ஊர் வழக்குகளில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

ஆகவே கேள்வி 240 நாள் இருக்கிறதா என்பதுதான். 9 மாதத்துக்கு மாதம் 26 நாள் என்று பெருக்கினால் 234-தான் வருகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். சம்பளத்தோடு விட்ட வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் 240-ல் சேரும் என்று தொழில் தகராறு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லியிருக்கிறது. மாதச் சம்பளக்காரர் என்றால் அநேகமாக அவர் தாண்டியிருப்பார். தாண்டியிருந்தால் 6 மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருஷமாகிவிடும். 18,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5-ஆல் பெருக்குங்கள்: 51,923 ரூபாய். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாண்டினால் வட்டி.

உங்கள் வருகை ரிஜிஸ்டரில் கடைசி 9 மாதம் சரியாக எழுதவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இப்போது உட்கார்ந்து எழுதி நிரப்பி விடாதீர்கள். ஒரே பேனா, ஒரே மை, ஒரே நாள் கையெழுத்து என்பது பார்த்தவுடன் தெரியும். டெய்லர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். வீட்டில் மாட்டியிருக்கும் காலண்டரில் வேலைக்குப் போன நாளைச் சுழிப்பார்கள், தைத்த பீஸ் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுவார்கள். அவருக்குப் போன் பண்ணுங்கள். அந்தக் காலண்டரை எடுத்துக்கொண்டு ஒரு நாள் யூனிட்டுக்கு வரச் சொல்லுங்கள். உங்கள் சம்பள வவுச்சர்களை நீங்கள் எடுத்து வையுங்கள். டீ சொல்லிவிட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து மாதம் மாதமாக எண்ணுங்கள். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் அதற்குப் பிறகு எழுதலாம்.